நான்காம் ஓடு

சம்பவம் நடந்தபோது, புதுக் கருவிகள் செய்து பழகும் சங்கத்தின் அறையில் நால்வர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் தேநீர்த் தட்டோடு சங்கத் தலைவி கல்தூம் அம்மா, ஊர்வழக்கில் லல்லா கல்தூம். அவருக்கு இடப்புறம், தொடுபலகையை ஒட்டி, ஜவாத். எதிரே, பலகையைச் செய்த யுஸ்ரா. சுவரோரம், சுவிட்சுக்குப் பக்கத்தில், அன்வர்.

"அந்த அன்வர்தான்!" என்றபடியே மறுநாள் யுஸ்ரா, எல்லோரும் ஐயா என்ற மரியாதையில் 'சிதி' என்றழைக்கும் தாமியின் வீட்டுக்குள் நுழைந்தாள். மொராக்கோவின் ஃபெஸ் நகரத் தொலைபேசி இலாகாவில் புகார்களை விசாரித்து ஓய்வு பெற்றவர் தாமி. அவருடைய உதவியாளனும் சங்கத்துக்கு எடுபிடியுமான அன்வர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்னம்மா, நேர்லயே இப்படிச் சொல்ற?" என்று அவன் எழுந்தான்.

"நீ உட்காரு," என்றார் தாமி. "நீ சொல்லும்மா."

யுஸ்ராவின் பலகையில் பொத்தான்களே இல்லை. எண் எழுதிய பத்துச் சின்ன ஓடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டிய செப்புத் தகடு. ஓட்டின் மேல் விரல் வைத்தால் போதும், எண் பதிவாகும். நான்கு எண்களும் சரியானால் பூட்டு திறக்கும். நேற்று லல்லா கல்தூம் முன்னால் நடந்த சோதனையில் நான்காம் ஓடு மட்டும் செத்துக் கிடந்தது.

"தலைநகர் ரபாத்ல நடக்கற கண்காட்சிக்கு எங்க சங்கத்துல ஒருத்தர்தான் போக முடியும் சிதி. இப்ப ஜவாத் பேரை எழுதப்போறாங்க. இன்னிக்குச் சாயங்காலம் தபால் போகுது."

"நேத்துக் காலையில வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது. மின் இணைப்பும் போட்டுத்தான் வச்சிருந்தேன். 'ஒரு தடவை அணைச்சுட்டு மறுபடி போடு, லல்லா முதல்ல இருந்து பார்க்கட்டும்'னு ஜவாத் சொன்னான். அன்வர் அணைச்சுப் போட்டான். அப்புறம்தான் அந்த ஓடு பேசல. ராத்திரி வீட்டுல போட்டா நல்லா வேலை செய்யுது!"

"பார்த்தீங்களா, சுவிட்சுல கை வச்சது நான்தான்," என்றான் அன்வர், அழாத குறையாக.

"பலகைக்கு நிரல் எழுதினது யாரு?"

"ஜவாத். மூணு மாசம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம். அப்புறம் பேசிக்கறதில்ல."

"தேநீர் எப்ப வந்தது?"

யுஸ்ராவுக்கு எரிச்சல் வந்தது. "சோதனைக்கு முன்னாடி. தட்டுல இடம் இல்ல. கிளாஸைப் பலகை மேலேயே வைப்போம், ஓடுதானே, கறை படாது. நான் குடிச்சேன், அன்வர் ரெண்டு கிளாஸ் குடிச்சான். ஜவாத் ஒரு வாய் கூடக் குடிக்கல, ஓடுகளை அழுத்தப் போறப்ப நிறைஞ்ச கிளாஸை அப்படியே எடுத்துத் தள்ளி வச்சான். லல்லாவுக்கு முகமே வாடிப்போச்சு."

தாமி செருப்பை மாட்டினார். "வாங்க, தபால் போறதுக்குள்ள போயிடலாம்."

சங்க அறையில் எல்லோரும் நேற்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். லல்லா கல்தூமின் முன்னால் ஜவாத் பெயரெழுதிய கடிதம், இன்னும் ஒட்டாமல்.

"லல்லா, ஒரு கிளாஸ் தேநீர்," என்றார் தாமி. வழிய வழிய ஊற்றியதை வாங்கி நான்காம் ஓட்டின் மேல் வைத்தார். "அன்வர், அணைச்சுப் போடு." பிறகு கிளாஸை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையும் சேர்த்து நான்கு எண்களையும் யுஸ்ராவை அழுத்தச் சொன்னார். ஓடு பேசவில்லை.

தேநீரை ரசித்துக் குடித்து முடித்து, காலிக் கிளாஸை வைத்து மறுபடியும் அப்படியே செய்தார். இந்த முறை பூட்டு டக்கென்று திறந்தது.

"இணைப்புக் கொடுத்ததும் ஒவ்வொரு ஓடும் 'யாரும் தொடாத நிலை இதுதான்'னு ஒரே ஒரு தடவை அளந்து வச்சுக்கும். அந்த நேரத்துல நிறைஞ்ச கிளாஸ் மேல இருந்தா, அதையே தொடாத நிலைன்னு நம்பிடும். அப்புறம் விரல் வச்சாலும் அதுக்குப் புதுசாத் தெரியாது. காலிக் கிளாஸுக்கு ஏமாறாது. லல்லா ஊத்தின தேநீரை ஒரு மனுஷன் குடிக்காம வச்சிருந்தான்னா, அந்தத் தேநீர் வேற வேலைக்கு வேணும்."

"தெரியாம அந்த ஓட்டு மேல வச்சிருப்பேன்," என்றான் ஜவாத்.

"இருக்கலாம். ஆனா அளக்கற நிரலை எழுதினது நீ. போட்டு வச்சிருந்ததை அணைச்சுப் போடச் சொன்னதும் நீ."

ஜவாத் ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "பார்க்க வந்தவங்க எல்லாரும் யுஸ்ரா பலகை, யுஸ்ரா பலகைன்னாங்க. ஓடு தெரியுது. உள்ள நான் எழுதினது யார் கண்ணுக்குத் தெரியுது? அவளைப் பாராட்டறப்ப எல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சுது."

"அதுக்கு என் தேநீரா கிடைச்சுது உனக்கு?" என்றார் லல்லா கல்தூம். அவர் குரலில் நேற்றைய மனத்தாங்கல் அப்படியே இருந்தது.

கடிதத்தைக் கிழித்துவிட்டு யுஸ்ராவின் பெயரில் வேறு எழுத ஆரம்பித்தார். யுஸ்ரா குறுக்கிட்டாள். "நிரல் ஜவாத் எழுதினதுன்னு போடுங்க லல்லா. அது உண்மை. ஆனா ரபாத்துக்கு நான்தான் போறேன். திரும்பி வந்தாலும் இவன் கூட ஒரே மேசையில உட்கார மாட்டேன்."

நிரலைப் பற்றிய வரியையும் லல்லா சேர்த்து எழுதி, உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, அன்வரிடம் நீட்டினார்.

"வழியில யார் தேநீர் கொடுத்தாலும் நிக்காதே," என்றார் தாமி.

அன்வர் படிகளில் இறங்கி ஓடினான்.