இரண்டாவது இலை

படையல் வைத்த அறையின் கதவைத் திறந்தாள் தாட்சாயினி. புருசனுடைய இலை வைத்தபடியே கிடந்தது. பக்கத்து இலையில் ஒரு பருக்கை இல்லை.

எலியாக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து இந்தப் பழைய கட்டடத்தில் எலிக்கா பஞ்சம்! ஆனால் எந்த எலி குழம்பையும் வழித்துத் தின்றுவிட்டு இலையை மடித்து வைக்கும்?

அந்த இலை ஹரியட்டுக்கு வைத்தது. செத்து நூற்றைம்பது வருசமான அமெரிக்கக்காரி. பரம்பரை தேடிக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள் தாட்சாயினி. ஹரியட்டின் வழியில் யாராவது இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் இந்த மாத வேலை. வேர்மொண்டில் பிறந்து, கலியாணம் முடித்து மொன்றியல் வந்தவள். நாரி முறிய இருந்து பழைய தேவாலயப் பதிவேடுகளைத் துருவியதில் கிடைத்ததெல்லாம் சாவுதான். பெற்ற ஐந்தும் ஐந்து வயதுக்கு முன்னமே காய்ச்சலில் போய்விட்டன. பேந்து புருசன். கடைசியில் அவளும்.

ஒரு பிடி சோறு வைக்கவும் ஆளில்லாத சீவன். இன்று புருசனின் திவசத்துக்குச் சமைக்கும்போது அந்த இரக்கம் வந்ததுதான் வினை. செத்தவர்களை முறை சொல்லிக் கூப்பிடாமல் சோறு வைக்கிற பழக்கம் இல்லையே. இந்த வெள்ளைக்காரியை என்ன சொல்லிக் கூப்பிடுவது? யோசிக்கவும் தெம்பில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஹரியட் அக்கா, வந்து சாப்பிடுங்கோ."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான்.

மத்தியானம்தான், ஆனால் விடியற்புறம் தொடங்கிய பனி இன்னும் விடாமல் கொட்டியதில் வீடு மங்கிக் கிடந்தது. சாம்பிராணியையும் மீறி ஈரக் கம்பளியின் மணம் ஒன்று, வருசக்கணக்காகத் திறக்காத பெட்டியின் மணம், அறையிலிருந்து நடைக்கும் நடையிலிருந்து படுக்கையறைக்கும் போயிருந்தது. ஹீட்டர் டிக் டிக்கென்றது. அதற்கிடையில் தரையில் நீளப் பாவாடை இழுபடுகிற சத்தம். பிறகு அதுவும் நின்றது.

படுக்கையறையில் மகள் சஜிதா கதைத்துக்கொண்டிருந்தாள்.

நாலரை வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டெரிக்கு அனுப்பவில்லை. எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை இப்போது அச்சொட்டான தமிழில், "ஓம், ஓம்" என்றது.

தாட்சாயினி படுக்கையறைக்கு ஓடினாள். இதுவும் போனால் தனக்கு யார்?

"ஆரோட கதைக்கிறாய், குஞ்சு?"

"பெரியம்மாவோட."

தாட்சாயினிக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. இரண்டு தம்பிமார் மட்டும்.

பிள்ளை கட்டிலில் நிமிர்ந்து இருந்தது. முதுகுக்குப் பின்னால் போர்வை மேடாகக் குவிந்திருந்தது. நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. ஐஸ். உதடு நீலம்.

பிள்ளையின் தலைமயிர் அசைந்தது. மூன்றாகப் பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, பதறாமல், தானாகவே பின்னிக்கொண்டு இறங்கியது.

"எழும்பு. அம்மாட்ட வா."

"ஏலாது. பெரியம்மா விடமாட்டாவாம்."

"அவ எங்கட ஆள் இல்லையம்மா!"

"நீங்கள்தானே கூப்பிட்டனீங்களாம்."

கையை நீட்டினாள். பிடித்து இழுத்தும் பிள்ளை அசையவில்லை.

பின்னல் முடிந்தது. நுனி இறுகியது. பின்னாலிருந்து ஏதோ அதைப் பிடித்து மெல்ல இழுத்தது. சஜிதாவின் தலை சாய்ந்தது. சிரித்தபடியே. தோள் போனது. கால் போனது. போர்வை மூடிக்கொண்டது.

பிறகு அந்த மேடு, கொஞ்சம் கொஞ்சமாக, மெத்தையோடு தட்டையானது.