போர்ட்டோவில் அவளைத் தெரிந்தவர்கள்

ரயில் போர்ட்டோ நகருக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. நிலையத்தின் நீல ஓடுகள் பதித்த சுவர்களை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நொயேமியா மட்டும் குடையை உதறிக்கொண்டிருந்தாள்.

"பாரேன், எவ்வளவு பெருசுன்னு" என்றான் ஹெல்டர்.

"ம்."

ஆறு வருடங்களாக அவளிடமிருந்து அவனுக்கு இந்த ஒற்றை எழுத்துதான் மிச்சம். போர்ட்டோ வழியாக ஓடும் ஆற்றின் மேல்பக்கத்துத் திராட்சை மலையில் இருந்தது அவர்கள் ஊர். அங்கே ஒரு பனிமூட்டக் காலையில் அவன் ஓட்டிய கார் வளைவில் உருண்டது. நிறைமாதமாக இருந்தாள் நொயேமியா. இருவரும் பிழைத்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை. அதன்பின் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்களைப் போல வாழ்ந்தார்கள். ஒரு நாளாவது வெளியே போய்வரலாம் என்று அவன்தான் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தான். அவனுக்குப் போர்ட்டோ புதிது. அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக ஒரே ஒருமுறை வந்ததோடு சரி.

பூக்காரத் தெருவில் சுட்ட கஷ்கொட்டையின் புகை மூக்கை இழுத்தது. வண்டிக்காரர் பருத்த மீசைக்காரர். நொயேமியாவைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாம்மா! இன்னிக்கு வாலு வரலையா?"

"ஆளை மாத்திப் பாக்குறீங்க ஐயா" என்றாள் நொயேமியா.

"சரிதான், என்கிட்டயே விளையாட்டா? லீடியாவுக்குப் பல்லு ஆடுதுல்ல, அவளுக்குன்னு நல்லாப் பிளந்ததாப் பொறுக்கி வெச்சிருக்கேன். சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு போய்க் குடு."

அவர் கொடுத்த பொட்டலம் அவள் கையிலிருந்து நழுவியது. கஷ்கொட்டைகள் ஈரக் கல்லில் உருண்டு ஓடின.

லீடியா.

அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வயிற்றிலிருந்த பிள்ளைக்காக ஓர் இரவில் படுக்கையில் கிசுகிசுத்துக்கொண்டு இருவரும் தேர்ந்தெடுத்தது. பெற்றவர்களிடம்கூடச் சொல்லவில்லை. கல்லறைக் கல்லில்கூட 'குழந்தை' என்று மட்டும்தான் செதுக்கியிருந்தது.

"திரும்பிப் போயிடலாம்" என்றான் ஹெல்டர்.

"மாட்டேன்" என்றாள். அவள் குரலில் உயிர் இருந்தது. அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பிறகு அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால். பேராலயத்தையும் பார்க்கவில்லை, கோபுரத்திலும் ஏறவில்லை. பொத்தான் கடைக்காரி கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்தாள். டிராம் ஓட்டுநர் மணியை இரண்டு தரம் அடித்து, சிறு பிள்ளைக்குக் காட்டுவதுபோல நாக்கைத் துருத்திவிட்டுப் போனார். ஒவ்வொருவருக்கும் நொயேமியா சிரித்துப் பதில் கையசைத்தாள்.

மூலைக் காப்பிக் கடையில் அவர்கள் வாய் திறக்குமுன்பே, பரிமாறும் பெண் ஒரு காப்பியும் லவங்கப்பட்டை தூவிய பாலும் கொண்டுவந்து வைத்தாள். ஹெல்டர் கழிப்பறைக்கு எழுந்துபோனான். திரும்பி வந்தபோது அந்தப் பெண் அவனுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் என்ன உடுத்தியிருந்தேன்?" என்று நொயேமியா கேட்டது அவன் காதில் விழுந்தது.

"இதென்னக்கா கேள்வி? எப்பவும் போல கருப்புதான். இன்னிக்குத்தான் மாத்தியிருக்கீங்க. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" அவள் குரல் தணிந்தது. "ஆளும் நல்லவராத் தெரியறாரு. போனவரு போயிட்டாரு, பாவம், அந்த மலைப்பாதையில. பொண்ணுக்கும் ஒரு அப்பா வேணுமில்ல?"

ஹெல்டர் நின்ற இடத்திலேயே நின்றான்.

பால் டம்ளரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டுவிட்டான். "அப்படி நடந்திருந்தா உனக்கு நல்லாயிருந்திருக்குமா? நான் போய், அவ இருந்திருந்தா?"

நொயேமியா அவனைப் பார்த்தாள். ஆற்றை நோக்கி இறங்கும் படிக்கட்டில் திரும்பினாள்.

அந்தி சாய்ந்து, ஆற்றிலிருந்து மூடுபனி ஏறியது. இரும்புப் பாலத்தின் கீழ்த்தட்டில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தது. பாசியும் துருவும் கலந்த வாடை. பாதிப் பாலம் கடந்தபோது எதிரில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று நிதானமாக, ஒன்று துள்ளித் துள்ளி.

பனிக்குள்ளிருந்து கருப்புக் கோட்டணிந்த ஒருத்தி வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி மஞ்சள் பூட்ஸ் போட்ட சிறுமி.

அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள்.

நொயேமியாவின் முகம்.

அவள் நொயேமியாவைப் பார்க்கவேயில்லை. ஹெல்டரைத்தான் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, குழந்தையை முதுகுக்குப் பின்னால் இழுத்தாள்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவள் கண்ணுக்கு, செத்தவன் அவன்.

கோட்டின் விளிம்பை விலக்கிக்கொண்டு சிறுமி எட்டிப் பார்த்தாள். அவளிடம் பயமில்லை. அவனுடைய தாடைக்குழி அவள் முகத்தில் இருந்தது.

"அப்பா?"

நொயேமியா அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தமிட்டுச் சிறுமியை நோக்கி ஓடினாள். மேல்தட்டில் ரயில் கடந்தது. பாலம் முழுக்க அதிர்ந்தது. அதிர்வு அடங்கியபோது எதிரே பனிதான் இருந்தது. அவள் ஈர இரும்பில் முழங்காலிட்டு வெற்றுக் காற்றைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வெகுநேரம் அழுதார்கள். அந்த ஆறு வருடத்தில் சேர்ந்து அழுதது அதுவே முதல் தடவை.

"கேட்டியே, நல்லாயிருந்திருக்குமான்னு" என்றாள் கடைசியில். "அவ முகத்தைப் பார்த்தேல்ல? குழந்தை கையில இருந்தும் அவளுக்கு நீ இல்லாம முடியல. எனக்கும் ரெண்டு பேரும்தான் வேணும் ஹெல்டர். ரெண்டு பேரும்."

மறுநாள் காலை தங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அதுவரை இருவரும் தனித்தனியேதான் போய்க்கொண்டிருந்தார்கள். இரவு மழையில் பாதை சேறாகியிருந்தது. அதில் ஒரு காலடித் தடமும் இல்லை. வேலிக் கதவை ஹெல்டர்தான் பூட்டைத் திறந்து தள்ளினான்.

நொயேமியா குனிந்து கல்லிலிருந்த இலைகளைத் துடைத்தாள். அவள் கை பாதியில் நின்றது.

'குழந்தை' என்று செதுக்கிய எழுத்துகளுக்குக் கீழே, யாரோ பத்திரமாக வைத்துவிட்டுப் போனதுபோல, ஒரு பால்பல் இருந்தது.

அதன் அடியில் இரத்தம் இன்னும் உலரவில்லை.