லாரிக்காரன் முகத்தில் ஒரு நட்சத்திரக்காரன்

சாந்துவுக்கு வலது மணிக்கட்டு காலையிலிருந்தே விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் கொத்துக்கரண்டி பிடித்துச் சுவர் பூசிய கை. மழை வருகிற சேதி வானத்துக்கு முன்னால் அந்த மணிக்கட்டுக்குத்தான் தெரியும். இப்போது அந்தக் கை சுவர் பூசவில்லை... முகம் பூசுகிறது.

டி.வி. தொடர்களுக்கு வேற்றுக் கிரகத்து முகங்கள் செய்கிற பட்டறை அது. கட்டடத்தில் சாந்து குழைத்துக்கொண்டிருந்தவளை, "இந்தப் பதத்துல குழைக்கிற கை எனக்கு வேணும்" என்று மாஸ்டர் கூட்டிவந்து ஏழு மாதம். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சாந்து... அவ்வளவுதான்.

அலமாரியில் வரிசையாகத் தலைகள். நீலத் தோல்காரி, காதில்லாதவன், நெற்றியில் செதில் வைத்தவன். எந்தக் கிரகத்திலிருந்து வந்தாலும் எல்லாருக்கும் ரெண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். வந்த புதிதில் அவள் கேட்டிருக்கிறாள்.

"ஏன் மாஸ்டர், அவ்வளவு தூரத்துல இருக்கிறவனும் நம்ம மாதிரியேவா பொறப்பான்?"

"உள்ள இருக்கிற ஆளு மூச்சு விடணும், டீ குடிக்கணும், பார்க்கிறவங்களை அழ வைக்கணும். அது முடிஞ்சா போதும்... மத்தபடி அவன் எப்படி வேணா பொறந்துக்கட்டும்."

அந்த நியாயம் அவளுக்கு உடனே பிடிபட்டது. வேலைக்கு வந்தவன் மூச்சு விடணும்... அதைத் தாண்டி என்ன இருக்கிறது.

அன்றைக்குத்தான் அவள் தனியாக முதல் முகம் அச்செடுக்கிறாள். புதுத் தொடரின் நாயகன், நட்சத்திரத்திலிருந்து பூமியில் விழுந்தவன். அந்த வேஷம் போடும் நடிகர் பத்து மணிக்கு வருவார்; அவரை அவள் இதுவரை பார்த்ததில்லை. மாஸ்டர் படப்பிடிப்பில். முகத்தில் அப்பி அச்செடுக்கிற மாவு, பல் டாக்டர்கள் அளவெடுக்கிற அதே வழவழ மாவு, சரியாக ஒரு முகத்துக்குத்தான் இருந்தது. அச்சு நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். கெட்டால்... மறுபடியும் சாரத்தில் ஏற வேண்டியதுதான்.

பத்தே காலுக்குக் கதவில் நிழல் விழுந்தது.

"ஏங்க..."

"லேட்டு," என்றாள் திரும்பாமல். "வாங்க, உக்காருங்க."

"இல்லைங்க, நான் வந்து..."

"வந்தது தெரியுது. உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், நாலு நாள் நின்றுகொண்டே இருந்தவன் மாதிரி.

"சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. குடை பிடிக்க ஆள் வரலியா?"

"எனக்கா... குடையா?"

"சரி, வாயை மூடுங்க. இனிமே முகம் அசையக் கூடாது."

தலைமுடிக்கு உறை மாட்டினாள். புருவத்தில் வாஸ்லின் தடவக் குனிந்தபோதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். வெயிலை நேருக்கு நேர் பார்த்துப் பழகிய கண்கள். ஓரத்தில் மெல்லிய சுருக்கங்கள்... நடுவில், மழை விட்டபின் தேங்கிய தண்ணீர் போல ஒரு தெளிவு. பட்டறைக்கு வரும் நடிகர்களின் கண் எப்போதும் பின்னாலிருக்கும் கண்ணாடியில் தன்னைத் தேடும். இது எதையும் தேடவில்லை. அவளைப் பார்த்தது... அவ்வளவுதான்.

"கண்ணை மூடுங்க." குரல் ஏனோ ஒரு படி இறங்கியிருந்தது. "ஒரு விரல் காட்டினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு விரல்னா மூச்சு முட்டுது. புரியுதா?"

அவன் மூன்று விரல் காட்டினான்.

"மூணெல்லாம் கிடையாது," என்று மாவை அள்ளி அப்பினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர அதிர, அவள் அந்த முகத்தை மூடினாள். நெற்றி, கன்னம், தாடை... மூக்குத் துளை இரண்டை மட்டும் விட்டுவிட்டு. சுவர் பூசும்போது சுவர் பதிலுக்குச் சூடாக இருக்காது. இது இருந்தது.

இருபது நிமிஷம் கழித்து அச்சு பழம் மாதிரி கழன்று வந்தது. ஒரு குமிழ் இல்லை, ஒரு கீறல் இல்லை. பூரித்துப்போய் நின்றவளின் போன் அடித்தது.

"மழையில மாட்டிக்கிட்டேம்மா," என்றார் நடிகர். "சாயங்காலம் வெளியூர் போறேன், வர ரெண்டு வாரம் ஆகும். நீயே மாஸ்டர்கிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்க."

போனை வைத்துவிட்டு அவள் நாற்காலியைப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"லாரிக்காரன். கீழ நாப்பது மூட்டை பிளாஸ்டர் இறக்கியாச்சு. கையெழுத்து வாங்க வந்தேன்."

"வாயில்லையா உங்களுக்கு?"

"இருந்துச்சுங்க. நீங்கதான் மூடச் சொன்னீங்க."

"மூணு விரல் காட்டினீங்களே, அது என்ன?"

"ஆள் மாறிப்போச்சுன்னு காட்டினேன். அப்படி ஒண்ணு கிடையாதுன்னுட்டீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று கோபப்பட்டாள். "சும்மா உக்கார இடம் கிடைச்சதும் உக்காந்துட்டு, இப்ப நியாயம் பேச வேண்டாம். கிளம்புங்க."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். படியில் இறங்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை... என்று சொல்ல முடியாது.

அச்சை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. சுவர் கோணினால் கூட ஒரு பூச்சுப் பூசிச் சரிக்கட்டிவிடுவார்கள். முகமும் அப்படித்தான் என்று நினைத்தாள். சாயங்காலம் மாஸ்டர் வந்து பார்த்து, "அடி சக்கை, ஏழு மாசத்துல என்னைத் தூக்கிச் சாப்பிட்டுட்டியே" என்றபோது, சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கரண்டியைக் கழுவப் போனாள்.

மாஸ்டர் அந்த அச்சில் வார்த்த முகத்தின்மேல் களிமண் வைத்துப் பன்னிரண்டு நாள் செதுக்கினார். நெற்றியில் மூன்று மேடு, கன்னத்தில் ரெண்டு வரி. ரப்பரில் வார்த்து முடித்த அன்று நடிகர் வந்தார். மாட்டிப் பார்த்தால்... நெற்றி தூக்கிக்கொண்டு நின்றது, கன்னம் தொங்கியது. நட்சத்திரத்திலிருந்து வந்தவன் பல்வலிக்காரன் மாதிரி இருந்தான். முகம் சுவரில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யாரை உக்கார வெச்ச?" மாஸ்டர் குரல் உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"லாரி ஆளு ஒருத்தர்... தான்தான் நடிகர்னு சொன்னார் மாஸ்டர்."

சொன்னது வாய். மனசு அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. சாரத்தின் உயரமும் வெயிலும் கண்முன் வந்ததில் அந்தப் பொய் தானாகப் புறப்பட்டுவிட்டது. தடுக்க அவள் கையை நீட்டவில்லை, அதுதான் குற்றம். மாஸ்டர் உடனே லாரி ஷெட்டுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

கத்தி முடித்தபின் கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு. வேறு முகம் வார்க்க நாளில்லை. முதல் பத்து வாரம் நாயகனுக்கு வசனமே கிடையாது, பூமியின் மொழி தெரியாதவன். நடிகரோ, "ரப்பர் பட்டா எனக்கு அரிக்கும் மாஸ்டர், அந்த டாக்டர் வேஷத்தைக் குடுக்கச் சொல்லுங்க, நிம்மதியா இருப்பேன்" என்று கழன்றுகொண்டார்.

"போய் அந்த ஆளைக் கூட்டிட்டு வா," என்றார் மாஸ்டர், டைரக்டரிடம் போனில் பேசிவிட்டு. "ரப்பர் அவன் மூஞ்சிக்குத்தான் உக்காரும்."

மறுநாள் மழையோடு ஷெட்டுக்குப் போனாள். முப்பது பேர் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டேய் நடிகரே, ரசிகை வந்திருக்குடா."

"ஆட்டோகிராப் போட்டுக் குடுத்துட்டு வந்து மூட்டையைத் தூக்கு."

அவன் முதுகில் மூட்டையோடு வந்தான். மாஸ்டரின் போன் வந்த கையோடு வண்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டு அவனைச் சுமைக்கு இறக்கியிருந்தார்கள்; ஓட்டுகிற கையில் இப்போது கயிறு வெட்டிய தடம். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். முப்பது ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுடைய வீம்பு முந்திக்கொண்டது.

"உங்க முகம் வேணுமாம். மாஸ்டர் கூப்பிட்டார்."

அவன் நிதானமாக மூட்டையை இறக்கினான். "வர்றேன். இந்த இடத்தைவிட அது மேல். ஆனா உங்ககூட பேச மாட்டேன்."

சொன்னபடியே செய்தான்.

தினமும் காலையில் ரெண்டு மணி நேரம் அவள் கைக்குள் அந்த முகம். பசை தடவி, நெற்றி மேட்டை ஒட்டி, ஓரத்தைக் கரைத்து, சாம்பல் நிறம் ஏற்றி... ஒரு வார்த்தை கிடையாது. கேட்டதற்கெல்லாம் ஒரு விரல், ரெண்டு விரல்.

"பசை எரியுதா?" ரெண்டு விரல்.

"எரியட்டும். வாயைத் திறந்து சொன்னா ஊதி விடுவேன்." விரலை மடக்கிக்கொண்டான்.

உடுப்பு தைக்கும் தையல்கார அக்காவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "ஏன்டி சாந்து, வேற கிரகத்துக்காரனே வசனம் பேச ஆரம்பிச்சிருவான் போல இருக்கு... உன் ஆளு எப்ப பேசுவான்?"

"என் ஆளா? என் பேஷன்ட், அக்கா."

"பேஷன்ட்டுக்கு வேர்வை துடைக்கிறதுக்கு இவ்வளவு நேரமா ஆகும்?"

நாற்காலியில் இருந்தவனின் தோள் லேசாகக் குலுங்கியது. ரப்பருக்கு அடியில் சிரிக்கிறான்... சாந்துவுக்குக் காது வரை சூடேறியது.

தொடர் வந்தது. பிடித்துக்கொண்டது. பூமியில் நாயகனுக்கு முதலில் கிடைக்கும் வேலை மூட்டை தூக்குவது என்று கதையையே மாற்றி எழுதினார்கள்; அவன் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு நடிப்பு தேவைப்படவில்லை. வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் பெண்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். கண்ணுக்கு லென்ஸ் போட வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். "மத்ததெல்லாம் நாம செய்யலாம். கண்ணு அவனோடதா இருக்கட்டும்."

ஒன்பதாவது வாரம், மழைக் காட்சி. குழாய் மழையோடு நிஜ மழையும் சேர்ந்துகொண்டது. சாம்பல் நிறம் வழிந்தோட, நாயகன் ஒரு வாசலில் நிற்கிறான். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கேமரா பக்கத்தில் துணியோடு நின்ற சாந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். செய்யாத தப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் எப்படிப் பார்ப்பான் என்று அந்தக் கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவள் நான்தானே...

காட்சி முடிந்ததும் நேராக மாஸ்டரிடம் போனாள்.

"அவர் நடிகர்னு சொல்லலை மாஸ்டர். நான்தான் கேக்காம உக்கார வெச்சேன். பொய் சொன்னது நான். வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க."

மாஸ்டர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "அனுப்பினா நாளைக்குக் காலையில அவன் நெத்தியை யார் ஒட்டுறது? போ. இனிமே வர்றவங்க பேரைக் கேளு." போனை எடுத்தார். "ஷெட்டுக்கு நான் சொல்லிடறேன். சாவியைத் திருப்பிக் குடுக்கட்டும்."

சாயங்காலம் அவன் முகத்தைப் பிரித்தாள். மூடிய முகத்திடம் சொல்வது சுலபம்... அதனாலேயே அப்போது சொல்லவில்லை. கடைசித் துணுக்குப் பசையையும் துடைத்து, துண்டைக் கையில் கொடுத்து, எழுந்து போக வழிவிட்டு நின்றுகொண்டு சொன்னாள்.

"உங்க மேல பழி போட்டது நான். பயத்துல போட்டேன். ஷெட்டுல மன்னிப்புக் கேக்க வந்தேன், வீம்புல கேக்கலை. இப்ப கேக்கறேன். இன்னொண்ணு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தச் சாம்பல் மூஞ்சி நான் ஒட்டினது, அதை இல்லை. கீழ இருக்கிறதை. முத நாளே பிடிச்சது. கட்டிக்கணும்னு நினைக்கிறேன். மாட்டேன்னா சொல்லிடுங்க, நாளைக்கும் ஒழுங்காத்தான் ஒட்டுவேன்."

கூரையில் மழை. அவன் துண்டைத் தொடையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தாடை வலிக்குது," என்றான் கடைசியில். "ஒன்பது வாரமாப் பேசாம இருந்து."

அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினாள்.

"முத நாள் அப்பவே சொல்லியிருக்கலாம், நான் லாரிக்காரன்னு. போற இடமெல்லாம் தூக்கு, இறக்கு, நகருன்னுதான் சொல்வாங்க. உக்காருங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. நீ சொன்ன... எழுந்திருக்க மனசு வரலை." நிறுத்தினான். "கோபம் அதனாலதான் அவ்வளவு. வேற யாராவது பழி போட்டிருந்தா மறுநாளே மறந்திருப்பேன்."

"இப்பவும் கோபமா?"

"கோபம் இருக்கு. ஆசையும் இருக்கு. ரெண்டையும் வெச்சுக்கிட்டுக் கட்டிக்கலாம்னு பார்க்கிறேன்... உனக்குச் சம்மதம்னா."

அவள் சிரித்தாள். கண் ஏன் நனைந்தது என்று தெரியவில்லை. பசை வாடையாக இருக்கும்.

"மாஸ்டர் ஷெட்டுக்குப் போன் பண்ணிட்டார்," என்றாள். "சாவியைக் குடுத்துடுவாங்க."

"சாவி வரும். போன்ல சொன்னது மாஸ்டர், கேட்டது மேனேஜர். அந்த முப்பது பேருக்கு நான் இன்னும் வேஷத்துக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னவன்தான். எங்கப்பா சுமை தூக்கின ஷெட்டு அது. அவர் பேரைச் சொல்லிச் சிரிச்சானுங்க."

"வாங்க, இப்பவே போலாம்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் தூர லோடுக்குப் போயிருக்காங்க. திரும்ப அஞ்சு நாள் ஆகும்."

அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் வலிக்கிற கைக்குள் வைத்துக்கொண்டாள். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டாயிற்று, சொல்ல வேண்டிய ஆசையைச் சொல்லியாயிற்று. அந்த முப்பது பேர் முன்னால் நின்று, "அவர் பொய் சொல்லலை, நான்தான் சொன்னேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டியது மட்டும் இன்னும் அவள் பேரில் பாக்கி நிற்கிறது.