முதுகு காட்டி உட்காருங்கள்

பச்சை பல்பு எரிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, தான் இன்னும் ஒலியையே அனுப்பவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத சின்ன அறைக்குள், பஸ் டிரைவர் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் ஹெட்போன், மடியில் எங்கோ பட்டன். ஒலி கேட்டால் அவர் பட்டனை அமுக்க வேண்டும், அமுக்கினால் இவள் மேஜையில் பல்பு எரியும். பன்னிரண்டு வருடமாக அவள் பார்க்கும் வேலை இவ்வளவுதான். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எதுவரை பல்பு எரிகிறதோ அங்கே தாளில் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளிகளைச் சேர்த்து இழுத்தால் வரும் கோடுதான் அந்த ஆளின் காது.

முதுகு காட்டி உட்கார வைப்பது அவளே கொண்டுவந்த ஏற்பாடு. எதிரே பார்த்து உட்கார்ந்தால், ஜனங்கள் இவள் விரல் அசைவதைப் பார்த்தே அமுக்கிவிடுகிறார்கள். வேலைக்குச் சான்றிதழ் வேண்டியவர்கள் கேட்காததையும் கேட்டதாகச் சொல்வார்கள், வேலையிலிருந்து கழன்றுகொள்ளப் பார்ப்பவர்கள் இடி விழுந்தாலும் கேட்கவில்லை என்பார்கள். அவள் காதில் பூச்சுற்ற இதுவரை யாராலும் முடிந்ததில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் 'போலீஸ்' என்று பெயர். டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

டிரைவர் காதைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

"முடிஞ்சுதா மேடம்? ஒரு ரெண்டு மூணு தடவைதான் கேட்ட மாதிரி இருந்துச்சு."

அவள் தாளைப் பார்த்தாள். இருபது வயதுப் பையனின் காது மாதிரி, மேலேயே நேராக ஓடியது கோடு.

"காது நல்லாத்தான் இருக்கு. பட்ஸ் போட்டுக் குடையாதீங்க. எண்ணெய் கிண்ணெய் ஊத்தாதீங்க. சத்தமான இடத்துல பஞ்சு வேண்டாம், அதுக்குன்னே அடைப்பான் விக்குது, அத வாங்கி வச்சுக்கங்க."

"என்னங்க?" என்று அவர் தலையைச் சாய்த்து, அவள் வாயையே பார்த்தார்.

நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் போன பிறகுதான் அந்த நினைப்பு முள்ளாகக் குத்தியது. பரீட்சையில் பாஸாக வேண்டிய டிரைவர் எதற்குச் செவிடு மாதிரி நடிக்க வேண்டும்?

இது முதல் ஆளும் இல்லை. இந்த ஆறு மாதத்தில் ஒரு தையல்காரர், ஒரு லேத் பட்டறைக்காரர், கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் என்று நாலைந்து பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். நல்லா இருக்குன்னு எழுதிட்டீங்க, எனக்குக் கேக்கவே மாட்டேங்குதே என்று. மெக்கானிக் வந்து மிஷினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பழுதும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுப் போனார். அதனால் அவர்களைத்தான் அவள் சந்தேகப்பட்டாள்.

தன் மகளையும் சேர்த்து.

எட்டு வயது, வீட்டில் வாலு என்று பெயர். வருடம் முழுக்க மூக்கில் சளி. டிவியை அலற விட்டுக்கொண்டு அதன் முன்னாலேயே உட்காருவாள். சமையலறையிலிருந்து பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். சளி காதுக்குள் நீராகக் கோத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், கவனிக்காமல் விட்டால் கேட்கும் சக்தியே போனாலும் போகலாம் என்பது அவளுக்கா தெரியாது? போன மாதமே கூட்டி வந்து இதே அறையில் உட்கார வைத்தாள். ஒவ்வொரு ஒலிக்கும் பல்பு எரிந்தது. அன்று சாயங்காலம், "என்கிட்டயே காது குத்துறியாடி?" என்று முதுகில் இரண்டு வைத்தாள். குழந்தை அழுதுகொண்டே அவள் வாயையே பார்த்தது.

இன்று காலை பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் சீட்டு. கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். கணவன் போனில் ஒரே வரிதான் சொன்னான். "அவ பொய் சொல்ற பிள்ளை இல்லம்மா, நீ பாத்தது சரியான்னு பாரு." அதிலிருந்தே அவளுக்கு மனசு ஆறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், முன்னறை நாற்காலிகள் காலி. பெஞ்சில் படம் வரைந்துகொண்டிருந்த வாலுவைக் கூட்டி வந்து, கனத்த கதவின் இரும்புக் கைப்பிடியைத் திருப்பித் திறந்தாள். ஸ்பான்ஜும் பழைய ரப்பரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது, உள்ளே காலை வைத்ததும் தன் செருப்புச் சத்தத்தை யாரோ வாயில் போட்டு விழுங்கிவிட்டதுபோல் எல்லாம் நின்றுபோனது, ஏசி இரைச்சல், ரோட்டு ஹாரன், எல்லாமே. வழக்கமாகச் சுவரைப் பார்த்திருக்கும் நாற்காலியை இன்று முதல் தடவையாகக் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

பட்டனைக் கையில் கொடுத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

மேஜை ஸ்பீக்கரில் குழந்தையின் மூச்சு கேட்டது, சளி அடைத்து, கரகரவென்று. முதல் ஒலியை அனுப்பினாள்.

பல்பு எரிந்தது.

கட்டைவிரல் அசைந்ததா? சரியாகப் பார்க்கவில்லை. தன் விரலை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டு, இன்னும் சின்னதாக ஒன்று அனுப்பினாள். குழந்தை அம்மாவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் விரல் அசையவில்லை.

பல்பு எரிந்தது.

பட்டனில்தான் கோளாறு, வேறென்ன. கையைக் காட்டு என்று சைகை செய்தாள். வாலு அதைப் பரீட்சை முடிந்தது என்று எடுத்துக்கொண்டாள் போல. பட்டனைப் பின்னால் சுவர்க் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டு, இரண்டு கையையும் முழங்கால்மேல் சமத்தாக வைத்துக்கொண்டாள். பத்து விரலும் தெரிந்தன.

அவள் ஒலியைக் குறைத்தாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். எரிந்தது. மனுஷக் காதுக்கு எட்டாத அளவுக்குக் கொண்டுபோய் அனுப்பினாள்.

எரிந்தது. நிதானமாக.

அப்படியானால் அந்தத் தையல்காரர்? அந்தக் கல்யாணப் பெண்? அலமாரி நிறையத் தாள்கள், எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. அத்தனை பேரும் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவள் பல்பை மட்டும்தான் பார்த்தாள். ஒரு நாளும் ஒருவர் கையையும் பார்த்ததில்லை.

இந்தப் பச்சைக் குழந்தைக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. அதைப் போய் அடித்தாளே.

ஸ்பீக்கரில் மூச்சு. கரகரவென்று ஒன்று.

அதன் அடியில் இன்னொன்று.

சளியில்லாத மூச்சு. மெதுவாக. நீளமாக.

வாலுவின் தோளுக்குப் பின்னால் கொக்கியில் பட்டன் தொங்கியது. அதன் சிவப்புத் தலை உள்ளே அமுங்கியிருந்தது. பிறகு தானாக மேலே வந்தது.

ஓட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கைதான் முந்திக்கொண்டு மைக்கை அமுக்கியது.

"எழுந்து வா. கதவத் திறந்துட்டு வெளிய வா கண்ணு. சீக்கிரம் வா."

குழந்தை அசையவில்லை. அதற்குக் கேட்கவில்லை. அம்மாவின் வாய் அசைவதைப் பார்த்து, திட்டு இல்லை என்று புரிந்துகொண்டு, முன்பல் இல்லாத வாயால் மெல்லச் சிரித்தது.

மேஜையில் பல்பு எரிந்தது.

கொக்கியில் பட்டனின் தலை வெளியே வந்தது. அமுக்கிக்கொண்டிருந்த எதுவோ அதை விட்டுவிட்டது.

அவள் குழந்தையின் விரல்களை எண்ணினாள். முழங்கால்மேல் பத்தும் அப்படியே இருந்தன. கதவின் இரும்புக் கைப்பிடி உள்ளேயிருந்து மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.