வலப்பக்கத்துச் சத்தம்

அம்மா தவறான பக்கத்தில் காதை வைத்தாள்.

மகள் உடனே திருத்தவில்லை, பேச அலுப்பாக இருந்தது. பிறக்கும்போதே இதயம் வலப்பக்கம் திரும்பிக்கொண்ட பிள்ளை அவள். போதாததற்கு அதில் ஓட்டை வேறு. பள்ளிக்கூடம் சேருமுன்பே நெஞ்சைத் திறந்து ஒட்டுப்போட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும், எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கிரீச். பொழுது சாய்ந்ததும் அம்மா அங்கே காதை வைத்து அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். பெற்றவளுக்கு அதுதான் தாலாட்டு.

அந்த இதயம் ஓய்ந்துபோய், அதை எடுத்துவிட்டு, முகம் தெரியாத யாருடையதையோ இடப்பக்கம் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் மாலை இது.

அம்மா தலையைத் தூக்கினாள். முகத்தில் பழைய நிம்மதி.

"நல்லாத்தான் இருக்கு. அதே சத்தம்."

"அம்மா, இப்ப இதயம் இந்தப் பக்கம்."

"தெரியும்டி," என்று எழுந்து போனாள்.

பழக்கதோஷம் என்று மகள் விட்டுவிட்டாள். எதையும் விட்டுவிடுவது இப்போது எளிதாக இருந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: "புது இதயத்துக்கு நரம்பு இணைப்பு கிடையாதும்மா. நீ பயந்தா அதுக்கு உடனே தெரியாது." உண்மைதான். நெஞ்சு திக்கென்று ஆவதே நின்றுபோயிருந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது மாத்திரையைத்தான். புது இதயத்தை உடம்பு அந்நியன் என்று விரட்டாமல் இருக்க அதுதான் காவல். விட்டால் உயிர் தங்காது. வேளை தவறாமல் அம்மாவே கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு மாலை, மருந்து வாசனையும் துவைத்த போர்வையின் ஈரமும் கலந்த அந்த அறையில், மின்விசிறியின் நிழல் சுவரில் சோம்பலாகச் சுற்றுவதைப் பார்த்தபடி அவள் படுத்திருந்தபோது, சமையலறையில் ஏதோ பாத்திரம் தடாலென்று விழுந்தது. பயம் வந்தது. இடப்பக்கம் அசரவில்லை, அது தன்பாட்டுக்குத் துடித்தது. வலப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே, எதுவும் இருக்கக்கூடாத இடத்தில், என்னவோ தூக்கிப்போட்டது.

கிரீச். கிரீச். கிரீச்.

மூச்சைப் பிடித்துக் கேட்டாள். மெல்ல மெல்ல அடங்கியது. அழுது ஓய்ந்த பிள்ளை போல.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். பிறகு கால் வீங்கியது. குளியலறைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. அம்மாவோ அவளைக் கேட்காமல் வலப்பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காதை வைத்து, சிரித்து, என்னவோ முணுமுணுத்து.

இன்று அம்மா கொடுத்த மாத்திரை, வழக்கம்போல் சட்டென்று விழுங்க முடியாமல் தங்கியதில், நாக்கில் இனித்தது. துப்பி, விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். குழந்தைகளுக்கான சத்து மாத்திரை.

"அம்மா. என் மருந்து எங்க?"

"கொட்டிட்டேன்."

"அது இல்லாட்டி செத்துடுவேன்மா."

"நீ எதுக்குடி சாகப்போற? வந்ததுதான் கிளம்பும்." அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவள் வலப்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தாள். "எடுத்துட்டாங்களாம். இது எங்கேயும் போகல. எத்தனை நாளா பயந்து கெடக்கு தெரியுமா?"

போன் மேசையில் இருந்தது. கை எழவில்லை. கத்த நினைத்தாள். காற்று வரவில்லை.

இடப்பக்கம் ஒரு துடிப்பு.

காத்திருந்தாள்.

இன்னொன்று.

காத்திருந்தாள்.

அம்மா குனிந்து காதை வைத்தாள். வலப்பக்கத்தில் அது வேகம் பிடித்தது. கிரீச். கிரீச். கிரீச்.

"இருக்கேன்டா தங்கம்," என்றாள் அம்மா, மகளின் முகத்தைப் பார்க்காமல்.