உண்ணி எடுக்கிற கை

குழந்தையின் இடது காதுக்குப் பின்னால் இருந்த மச்சம் நேற்று அங்கே இல்லை.

அதை முதலில் கண்டது பெற்றவள் அல்ல, உண்ணாமலைதான். அவளுடைய ஓரகத்தி சிந்துஜா ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். பாலும் வியர்வையும் கலந்து ஈரமாகச் சுருண்டிருந்த குழந்தையின் தலைமுடியை, பின்கழுத்தின் மடிப்பை, உண்ணாமலை காய் நறுக்குகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். "குளிச்சிட்டு வந்து தூக்குங்கக்கா, நாய்ங்ககிட்ட இருந்து வர்றீங்க," என்பாள் சிந்துஜா, சிரித்துக்கொண்டேதான். குளித்துவிட்டு வருவதற்குள் குழந்தை தூங்கிப் போயிருக்கும். பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மச்சம் காலை அசைத்தது.

"சிந்து, ஆடாம நில்லு. உண்ணி கடிச்சிருக்குது."

சிந்துஜாவின் போன் கீழே விழுந்தது. சத்தம் கேட்டு மாமியார் பாஞ்சாலை உள்ளே இருந்து வந்தாள். "இதுக்கா இப்படி ஆடற? கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு வை. இல்லனா ஊதுபத்தியக் காட்டு, தானா உதுந்துடும்."

"வேணாம் அத்தை. சூடு காட்டினாலும் எண்ணெய் வச்சாலும் அது வாந்தி எடுக்கும். அது வயித்துல கெடக்கறது மொத்தமும் குழந்தை உடம்புக்குள்ள போயிடும். இப்படிக் குடு சிந்து."

குடு என்று கேட்க இன்றைக்கு அவளுக்கு உரிமை இருந்தது. செங்கம் ரோட்டில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. தெருநாய்களின் காதுமடல்களில் அவரைக்கொட்டை போல ஊதித் தொங்குகிற உண்ணிகளை எடுத்து எடுத்துப் பழகிய கை. பைக்குள் கூர்முனை இடுக்கி எப்போதும் கிடக்கும்.

குழந்தையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டாள். இடுக்கியின் முனையைத் தோலை ஒட்டி வைத்து, உண்ணியின் வயிற்றைத் தொடாமல் வாய்ப்பக்கத்தைப் பிடித்தாள். வயிற்றை நசுக்கக் கூடாது. திருகக் கூடாது, வெடுக்கென்று பிடுங்கவும் கூடாது. வாய் அறுந்து தோலுக்குள்ளேயே நின்றுவிடும். நேராக மேல்நோக்கி, ஒரே சீராக, அது தன் பிடியை விடும்வரை இழுக்க வேண்டும். தோல் சின்னக் கூடாரம் போல எழும்பியது. அவளைக் கண்டாலே சிணுங்குகிற குழந்தை இப்போது அழவில்லை. கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் அவளையே பார்த்தான்.

விட்டது. ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் அதைப் போட்டாள். கடிவாயைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றினாள். "ரெண்டு மூணு வாரம் கவனிச்சிட்டே இரு. ஜுரமோ தடிப்போ தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட காட்டிடணும்."

"உங்க பேருக்கே அது பயந்துடுச்சிக்கா," என்றாள் சிந்துஜா, மூச்சு திரும்பிய சந்தோஷத்தில். "உண்ணாமலைனதும் உண்ணி வாய விட்டுடுச்சி பாருங்க."

"அந்தப் பேருக்கு அர்த்தம் அது இல்லடி," என்றாள் பாஞ்சாலை.

அர்த்தம் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரிய கோயில் அம்மன் பெயர் உண்ணாமுலை, பேச்சில் உண்ணாமலை; பிள்ளை வாய் வைக்காத மார்பு. அப்பா பக்தியோடு வைத்த பெயர், கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இந்த வீட்டில் கொஞ்சம் தயங்கிக் கூப்பிடுகிற பெயராகிவிட்டது. சிந்துஜா குழந்தையை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குழந்தை மொடக் மொடக்கென்று பால் விழுங்கும் சத்தம் கேட்டது. உண்ணாமலை குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு ராத்திரி முழுக்க இது அவனை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. இதை யாரும் குளித்துவிட்டு வரச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவனை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு நாயின் காதிலிருந்து எடுத்த உண்ணியை ஸ்பிரிட் இல்லாத குப்பியில் போட்டு மூடினாள். வீட்டுக்கு வந்ததும் தூளியின் மடிப்புக்குள் அதைத் தட்டிவிட்டாள். அதைப் பற்றி அவள் அதிகம் யோசிக்கவும் இல்லை. எடுக்கத்தான் தெரியுமே என்று மட்டும் மனதுக்குள் ஒன்று சொன்னது. மறுநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே சிந்துஜாவின் குரல் வந்தது. "அக்கா, சீக்கிரம் வாங்க. மறுபடியும்."

குளிக்கச் சொல்லவில்லை.

இன்னொரு தடவையும் அப்படிச் செய்தாள். இந்த முறை எடுத்து முடித்த பிறகும் குழந்தை அவள் விரலை விடவில்லை. "உங்ககிட்ட வந்தா மட்டும் கம்முனு இருக்கான்கா," என்று சிந்துஜா சொன்னபோது அந்தக் குரலில் லேசாக ஒரு கரகரப்பு. அது என்னவென்று உண்ணாமலைக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தன் தொண்டையில் இருந்தது இப்போது இடம் மாறியிருக்கிறது.

அன்று ராத்திரி குழந்தைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. விடியும்வரை உண்ணாமலை தூங்கவில்லை. காலையில் குப்பியைக் கொண்டுபோய் வேங்கிக்கால் பக்கம் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டாள். இனிமேல் இல்லை.

ஆனால் உண்ணி வந்தது.

முழங்கால் மடிப்பில் ஒன்று. அக்குளில் ஒன்று. சிந்துஜா துணிகளையெல்லாம் வெந்நீரில் முக்கினாள், தூளியை மாற்றினாள், தரையை டெட்டால் விட்டு இரண்டு வேளை துடைத்தாள். குழந்தை மருத்துவரிடம் காட்டி வந்தார்கள். ஒன்றுமில்லை, எடை கூடியிருக்கிறது என்றார். உண்ணி மறுபடியும் வந்தது. இடுக்கியை வைத்ததும் இழுக்க வேண்டிய வேலைகூட இல்லாமல் கையோடு வந்தது, இலைச்சருகு மாதிரி. வயிறு ஊதவில்லை. தட்டையாக, காகிதம் போல.

ஆஸ்பத்திரி டாக்டர் ஓவியா அதை லென்சுக்கு அடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எந்த நாய்மேல இருந்தது?"

"ஏன் மேடம்?"

"உள்ள ஒண்ணுமே இல்லையே. இது ரத்தம் குடிக்கல. இதுக்குள்ள இருந்ததத்தான் எதுவோ குடிச்சிருக்குது." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே வேடிக்கையாகப் பட்டது போலச் சிரித்தார்.

உண்ணாமலை சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது சிந்துஜா கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "நேத்துல இருந்து பால் குடிக்க மாட்டேங்கறான்கா. வாய் வச்சா மூஞ்சியத் திருப்பிக்கறான். ஆனா பாருங்க, கன்னம் எப்படி இருக்குதுனு." கன்னம் புசுபுசுவென்றுதான் இருந்தது. உண்ணாமலைக்குப் பயம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பயம் இல்லை. பெற்றவளிடமும் குடிக்கவில்லை என்கிற நிம்மதி.

பௌர்ணமி அன்று உண்ணாமலையின் புருஷனும் கொழுந்தனும் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போட்டிருந்தார்கள். ஒத்தாசைக்குப் பாஞ்சாலையும் போய்விட்டாள். அவர்கள் இருந்த அடி அண்ணாமலை முழுக்க ஜனம். வீட்டுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் தார்ரோட்டில் தேய்கிற சத்தம் மழைபோல விடாமல் வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே ஒலிபெருக்கியில் சிவ சிவ, கற்பூரப் புகை, பஜ்ஜி எண்ணெய், யாரோ தொலைந்துபோன ஒருத்தரின் பெயரைத் திரும்பத் திரும்ப அறிவிக்கிற குரல். நிலா மலைக்கு மேலே வரும் நேரத்தில் கரண்ட் போனது.

சிந்துஜா குழந்தையோடு வந்து அறை வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு உண்ணி எதுவும் இல்லக்கா. ஆனா உங்களையேதான் தேடறான்." குரல் சோர்ந்திருந்தது. "கொஞ்சம் வச்சிக்கோங்க. நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

ஒன்றுமே இல்லாமல், வெறும் குழந்தையை, முதல்முறையாக அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். உண்ணாமலை தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நடந்தாள். அவன் மேல் பால் வாசம் இல்லை. ஈரப் பஞ்சின் வாசம். நாய்க்காதின் உட்புற வாசம். தலை அவள் தோளில் உருண்டு, எதையோ முகர்ந்து, கழுத்தும் தோளும் சேருகிற குழியில் வந்து நின்றது.

வாய் வைத்தான்.

வெதுவெதுப்பு. ஈரம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என்னிடம்தான். அவளிடம் இல்லை, என்னிடம்தான்.

சின்ன அரிப்பு. வலி இல்லை. உண்ணி கடிக்கும்போது வலிக்காது, முதலில் மரத்துப்போக வைத்துவிட்டுத்தான் கடிக்கும் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

தலையை மெல்ல விலக்கினாள். வரவில்லை. அவள் தோலும் கூடவே எழும்பியது.

விரலை உதட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் விட்டுப் பார்த்தாள். நடு என்று ஒன்று இல்லை. எங்கே அவன் முடிகிறான் என்று விரலுக்குத் தெரியவில்லை.

திருகக் கூடாது.

இழுத்தால், எது உள்ளே நிற்கும்?

விழுங்கும் சத்தம் இல்லை. அழுத்தம் மட்டும். சீராக. ஒரே சீராக.

குளியலறையில் தண்ணீர் நின்றது. "அக்கா? அழறானா?"

கூப்பிட்டால் வந்துவிடுவாள். வந்தால் பார்ப்பாள். பார்த்தால் எடுப்பாள். எப்படியாவது பிய்த்து எடுப்பாள், தன்னுடையது என்று. அப்புறம் இந்தக் கைக்கு அவன் வரவே மாட்டான்.

"இல்ல," என்றாள் உண்ணாமலை. குரல் தூரத்திலிருந்து வந்தது. "தூங்கறான். நீ மெதுவா வா."

தண்ணீர் மறுபடியும் விழ ஆரம்பித்தது.

நிலா ஜன்னல் கம்பிக்குள் வந்தது. தோளில் கனம் ஏறிக்கொண்டே இருந்தது. அவன் சட்டையின் பொத்தான் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. அப்புறம் இன்னொன்று. அவன் கைகளும் கால்களும் ஒவ்வொன்றாக மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. முதுகுத் தோல் இழுபட்டு, சாம்பல் நிறமாக, நிலா வெளிச்சத்தில் பளபளத்தது.

உண்ணாமலை சுவரில் சாய்ந்து, குளிர்ந்துபோன விரல்களால், அந்த முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.