வால் வண்டி

அன்றைக்கு ரேடியோவில் ஒருவரும் போக்னாவைக் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

ஏரிக்கரையில் புகைபோட்ட மீனை வேனில் ஏற்றிக்கொண்டு, காட்டுச் சாலை வழியாகச் சுவால்கி நகரத்துக்குத் தினமும் ஓட்டுகிறவள் அவள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோ ஓயாமல் இரையும். பத்தொன்பதாம் சேனலில் லாரிக்காரர்களின் வாய்க்குப் பூட்டே கிடையாது. எங்கே போலீஸ் ஒளிந்திருக்கிறது, எந்தப் பாலத்தில் வழுக்குகிறது, எந்தக் கடையில் ஈரத் துணி மாதிரி ரொட்டி போடுகிறான், எல்லாம் அதில் வரும். சொந்தப் பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். "காத்துல பேரை விடாதே" என்பது அங்கே சட்டம். எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். அவள் நெத்திலி.

அவளுடைய உண்மையான பெயர் தெரிந்த ஒரே லாரிக்காரர் ஜெனோன். சேனலில் அவர் நாரை. அவள் மகள் யாக்னாவுக்கு ஞானத்தகப்பன். புருஷன் ஜெர்மனிக்குப் போய் அப்படியே காணாமல் போன வருடம், வேனுக்கு ஆண்டெனா மாட்டிக் கொடுத்ததும், வீட்டுச் சமையலறை ஜன்னலில் இன்னொரு ரேடியோவைப் பொருத்தி, பிள்ளை தாயோடு பேச வழி செய்ததும் அவர்தான். கூடப் பிறந்தவன்கூட அப்படிச் செய்வானா என்று போக்னா பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் அது. சரக்கை இறக்கிவிட்டு அவள் வீடு திரும்பும்போது, சாயங்காலமே இருட்டி, பனி மூட்டம் சாலையை விழுங்கியிருந்தது. இப்படிப்பட்ட நாளில் எல்லா வண்டியும் காட்டுக்கு வெளியே மரக்கிடங்குப் பக்கம் சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும். போக்னாவின் சின்ன வேனை எப்போதும் இரண்டு லாரிக்கு நடுவில்தான் விடுவார்கள்.

"நெத்திலி, இன்னிக்கு நீ வாலா வா," என்றார் ஜெனோன்.

"என்னண்ணே புதுசா? எப்பவும் நடுவுலதானே விடுவீங்க?"

"உன் வண்டி சின்னது, பிரேக் சட்டுனு பிடிக்கும். பின்னால வந்தாத்தான் உனக்கு நல்லது."

வரிசைக்கு முன்னால் நின்றவன் உருளை. உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவன். நெத்திலி வாலா வந்தா ஊர்ப் பூனையெல்லாம் பின்னாலயே வருமே என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பத்திரமா வாம்மா" என்றான். அவன் வாயிலிருந்து ஒருநாளும் அப்படி ஒரு மரியாதை வந்ததில்லை.

கிளம்புமுன் யாக்னா வீட்டு ரேடியோவிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, பொடிமீன் பேசுறேன். பீட்ரூட் சூப்பைச் சுட வைக்கட்டுமா?"

"வை கண்ணு. கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கா? அம்மா என்ன சொல்லியிருக்கேன்?"

"வெளியே நின்னு யாரு தட்டினாலும், உன் நிஜப் பேரைச் சொன்னாத்தான் திறக்கணும். தெரியும்மா, தெரியும்!"

வரிசை காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள் கறுப்பாக வந்து கறுப்பாகப் போயின. வைப்பர் ஈரத்தை இழுத்து இழுத்து முனகியது. பின்னாலிருந்து மீனின் புகைவாசனை கழுத்தோரம் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னால் ஜெனோனின் லாரியின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும் மங்கலாக ஆடிக்கொண்டிருக்க, கண்ணாடியில் பார்த்தால் பின்பக்கம் சாலையே இல்லாதது போலப் பனி மூடிக்கொண்டே வந்தது. ரேடியோவில் ஒரு பேச்சும் இல்லை. இரைச்சல் மட்டும். இத்தனை வாயாடிகள் இருந்தும் ஒரு இருமல்கூட இல்லை.

போன வருடம் இதே மாதிரிப் பனியில் வாலாக வந்தவன் ஆணி. மரம் ஏற்றுகிறவன், நல்ல பையன். காட்டுக்குள் போனான், வெளியே வரவில்லை. லாரியும் இல்லை, ஒரு கட்டையும் இல்லை. சரக்கை விற்றுவிட்டு ஓடியிருப்பான் என்றார்கள். போக்னாவும் அதைத்தான் நம்பினாள்.

"வால் யாரு?" உருளை கேட்டான். வரிசை அறுந்துவிடாமல் இருக்க அவ்வப்போது கேட்பது வழக்கம்.

"வால் நெத்திலி," என்றாள்.

இரைச்சல் கொஞ்சம் தணிந்தது.

"வால் ஆணி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ரேடியோ முகப்பில் சின்ன விளக்குகள் உண்டு. பேசுகிறவர் கிட்டே வர வர ஒவ்வொன்றாகக் கூடும். முன்னாலேயே போகும் ஜெனோன் பேசினால்கூடக் கடைசிச் சிவப்பு விளக்கு எரியாது. இப்போது அது எரிந்தது. கண்ணாடியில் ஒரு வெளிச்சமும் இல்லை.

குரலைவிடப் போக்னாவைப் பயமுறுத்தியது வேறு. யாரும் 'ஐயோ' என்று சொல்லவில்லை. யாரது என்று கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

"நெத்திலி," என்றது குரல், தூங்கும் பிள்ளையை எழுப்புவது போல மெதுவாக. "உன் பேரு என்னம்மா?"

ஆக்சிலேட்டரை மிதித்தாள். ஜெனோனின் லாரியைத் தாண்ட வலமும் இடமும் ஒடித்தாள். லாரியும் ஒடித்தது. இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம்.

"அண்ணே, வழி விடுங்க! பின்னால என்னமோ வருது!"

சிவப்பு விளக்குகள் விலகவில்லை.

"அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். பிள்ளை தனியா இருக்கா!"

மைக் சொடுக்கும் சத்தம் கேட்டது. அவர் அழுகிறார் என்பது மூச்சிலேயே தெரிந்தது. "இந்தத் தடவை வாலா வர சீட்டு எனக்குத்தான் விழுந்துச்சு, தங்கச்சி. ஒருத்தரைக் குடுத்தாத்தான் மத்தவங்களை விடும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

"பாவி! என் வீட்டுல சோறு தின்னவன்தானே நீ!"

"அவ பேரு போக்னா," என்றார் ஜெனோன், சேனலுக்கு.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரார் சொல்லக் கேட்டிருக்கிறாள். அது இவ்வளவு சின்னச் சத்தமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"போக்னா," என்றது பின்னாலிருந்து. திருப்தியாக.

எஞ்சின் நின்றது. விளக்குகள் அணைந்தன. முன்னால் இரண்டு சிவப்புப் புள்ளிகள் சுருங்கி, பனிக்குள் போய்விட்டன. ரேடியோ மட்டும் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்ப வந்தது. பழையபடி.

"ஏய் நெத்திலி, வாலாட்டிக்கிட்டு வர்றியா? பூனை எதுவும் பிடிக்கலையே?" உருளை. அந்தச் சிரிப்பு மனசிலிருந்து வரவில்லை.

"உன்னைப் பார்த்தா பூனையும் ஓடும்டா!" என்று ஒரு பெண் குரல் சிரித்தது.

போக்னாவின் குரல். அவளுடைய சிரிப்பு.

மைக்கை அழுத்தினாள். கத்தினாள். முகப்பு விளக்கு அசையவில்லை; குரல் வெளியே போகவில்லை. மறுபடி அழுத்தினாள். நகம் உடைந்தது. கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

"அம்மா, பொடிமீன் பேசுறேன். சூப்பு ஆறுதும்மா. எங்க இருக்கே?"

"காட்டைத் தாண்டிட்டேன்டி கண்ணு. இதோ வந்துட்டேன். தாழ்ப்பாளை எடுத்து வை."

"ம்ஹூம்! வாசல்ல வந்து பேரைச் சொன்னாத்தான் திறப்பேன்."

"கெட்டிக்காரி. சொல்றேன், சொல்றேன்."

"ஜெனோன்!" என்று அலறினாள் போக்னா, பெயரைச் சொல்லியே. "உன் ஞானமகடா அவ! கதவைத் திறக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லு! ஜெனோன்!"

சேனலில் யாரோ மைக்கை அழுத்தினார்கள். கனத்த மூச்சு கேட்டது. அவருடைய மூச்சு. ஒரு வார்த்தைக்காக அவள் ரேடியோவில் காதை வைத்துக் காத்திருந்தாள். பிறகு மைக் விடுபட்டது.

பின்னாலிருந்து புகைவாசனை வந்தது. ஈரம் கலந்த, மண்ணோடு மக்கிய வாசனை. விளக்கில்லாமல் ஒரு வேன் அவளை ஒட்டி மெதுவாகத் தாண்டியது. பக்கவாட்டில் அவள் கையால் வரைந்த அதே நீல மீன். ஜன்னலில் அவளுடைய முகம், சாலையைப் பார்த்தபடி. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

போக்னா. போக்னா. போக்னா. சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே அது வீட்டுக்குப் போனது.